இராயபுரம் புகைவண்டி நிலையம்

நாட்டின் வளத்திற்கு ஆறும் ஏரியும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதன வழிகள். விளைந்த இடத்தில் நெல் மலைபோற் குவிந்திருப்பினும், வேண்டும் இடத்திற்கு அதனைக் கொண்டு சேர்க்கும் வழி இல்லையேல், ஓர் ஊரில் நெல் மக்கிப் போகும். மற்றோர் ஊரில் மக்கள் பசியால் வாடுவர். இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டிற்குக் கொண்டு சென்று விற்ற உமணரைப் பற்றிச் சங்க நூல்கள் பலவாறு பேசுகின்றன. அவர்தம் வண்டி வரிசைக்கு ஒழுகை என்பது பெயர். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது அச்சு முறியவுங்கூடும் என்று கருதி, அவர்கள் வேறோர் அச்சினையும் உடன் கொண்டு சென்றனர். அதனைச் சேம அச்சு என்று வழங்கினர்.

அந்நாள் தொடங்கிக் கி.பி. 1850 வரையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள், தமிழ்நாட்டில் தரைவழிச் செலவு பெரிதும் மாறவில்லை. அரசுகள் தோன்றின, மறைந்தன. ஆயினும் வண்டியை இழுத்தவை அதே எருதுகளே. வண்டி சென்றது அதே மண்வழியே. மழைக் காலத்தில் வழி சேறாகும். ஆறு பெருகினால் வண்டி கரையிலேயே நிற்கும்.

இந்நிலையை மாற்றிய இருப்புப்பாதை, தென்னாட்டு மக்கள் ஏறிச் செல்லும் வண்டியோடு முதன்முதலில் தொடங்கிய இடம் சென்னையின் வடபாலுள்ள இராயபுரம் ஆகும். இன்று அங்கே புறநகர் மின்வண்டிகள் சிறிது பொழுது நின்று செல்கின்றன. ஏறுவோரும் இறங்குவோரும் தத்தம் அலுவலை எண்ணி விரைகின்றனர். ஆயின், இந்திய நாட்டில் இன்றளவும் நிலைத்து நிற்கும் புகைவண்டி நிலையக் கட்டடங்களுள் மிக மூத்தது அங்குள்ளதே. அது எவ்வாறு எழுந்தது? ஏன் தலைமை இழந்தது? அதனை நாம் ஏன் பேணல் வேண்டும்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பெயரும் இடமும்

ஏசுநாதரின் மாணாக்கருள் தலையாயவர் பேதுரு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கிறித்தவர் அவரை இராயப்பர் என வழங்குவர். படகோட்டும் தொழிலினர் தம் உழைப்பால் வந்த பொருளைக் கொண்டு, சென்னையின் வடகடற்கரையில் அவர் பெயரால் 1829-ஆம் ஆண்டில் ஒரு கோயிலை எழுப்பினர். அக்கோயில் இன்றும் உள்ளது. இராயப்பர் பெயரால் வழங்கிய ஊரே இராயபுரம் ஆயிற்று என்பர்.

படகோட்டிகள் அங்கே மிகுதியாக வாழ்ந்தமைக்குக் காரணம் உண்டு. அந்நாளில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து சற்றுத் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே எந்நேரமும் அலைகள் சீறி எழும். மேனாட்டுப் படகுகள் அவ்வலைகளைத் தாங்கா. நம் நாட்டு மசூலாப் படகுகளோ ஆணி அறைந்து செய்யப்பட்டவை அல்ல. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. ஆதலின், அலை மோதும்போது அவை முறியாது வளைந்து கொடுக்கும். சென்னைக்கு வரும் பொருள் எதுவாயினும், சென்னையிலிருந்து செல்லும் பொருள் எதுவாயினும், இப்படகோட்டிகளின் கைவழியே சென்று வருதல் வேண்டும்.

இராயபுரத்தின் தென்பால் அமைந்தது, பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற வணிக நகரம். அதன் தென்கிழக்கே புனித ஜார்ஜ் கோட்டை. வணிகரும் கடைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த அந்நகரைச் சூழ மதில் இருந்தது. மதிலின் உட்புறத்தே வீடுகள் நெருங்கியிருந்தன. மதிலின் வடபுறத்திலோ இடம் பரந்து கிடந்தது. கடல் ஒருபால், வணிக நகரம் ஒருபால், கோட்டையும் எட்டும் தொலைவில் உள்ளது. புகைவண்டி நிலையத்திற்கு இதனினும் தக்க இடம் அந்நாளில் வேறு யாது?

முதல் முயற்சிகள்

சென்னைக்கு இருப்புப்பாதை முற்றிலும் புதியதன்று. 1837-ஆம் ஆண்டளவில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு சிறு பாதை அமைக்கப்பட்டது. சாலை அமைக்கக் கல் ஏற்றி வருவதற்கே அது பயன்பட்டது. மக்கள் ஏறிச் செல்வதற்கன்று. சில ஆண்டுகளில் அது மறைந்தது. எனினும், இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என்னும் சிறப்பு அதற்கு உரியது.

மக்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் நெடும்பாதை அமைக்கும் எண்ணம் 1845-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. அம்முயற்சி முதலிற் பயன் தரவில்லை. பின்னர் மீண்டும் தொடங்கியது. மதராஸ் இருப்புப்பாதைக் கம்பெனி என்பது அதனை மேற்கொண்ட நிறுவனம். அதன் முதல் பெரும்பாலும் இங்கிலாந்து நாட்டுச் செல்வர் இட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசு பாதைக்கு வேண்டிய நிலத்தை விலையின்றி அளித்தது. அன்றியும், இட்ட முதலுக்கு ஆண்டுதோறும் குறித்த வட்டி கிடைக்கும் என்றும் உறுதி கூறியது. வருவாய் குறைந்தால் அக்குறையை அரசு ஈடுசெய்யும் என்பது இதன் பொருள். அரசின் பொருளோ மக்கள் செலுத்தும் வரிப்பொருள். எனவே, அப்பாதைக்காக ஊதியம் பெற்றவர் கடல் கடந்த நாட்டினர். இழப்பு நேர்ந்தபோது அதனைச் சுமந்தவர் இந்நாட்டு உழவர் முதலானோர். படைகளை விரைந்து அனுப்புதலும், பஞ்சு முதலிய பொருள்களைத் துறைமுகத்திற்குக் கொணர்தலும் ஆட்சியாளரின் முதன்மை நோக்கங்களாய் இருந்தன. இருப்புப்பாதையின் நன்மைகளைப் பேசும்போது இவ்வுண்மையையும் மறத்தல் கூடாது.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த ஹௌராவிலிருந்து ஹுக்ளிக்கு வண்டி ஓடத் தொடங்கியது. மூன்றாவது வாய்ப்பு சென்னைக்கு உரியதாயிற்று.

பாதை அமைத்தல்

இராயபுரத்தில் 1853-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. இருப்புப்பாதை அமைப்பது வண்டிச் சாலை அமைப்பது போன்ற எளிய பணியன்று. மாட்டுவண்டி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்; புகைவண்டிக்கு அஃது இயலாது. சக்கரமும் தண்டவாளமும் வழுவழுப்பான இரும்பு ஆதலின், சிறிது மேடும் பொறிவண்டிக்குப் பெருந்தடையாகும். எனவே, பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்துதலும், மேட்டை வெட்டித் தாழ்த்துதலும், ஓடைகளுக்குப் பாலம் கட்டுதலும் முதற் பணிகள் ஆயின. அதன்மேல் சரளைக்கல் பரப்பி, குறுக்குக் கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் தண்டவாளங்களைப் பொருத்துவர். இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 5 அடி 6 அங்குலம். இந்நாளைய அளவையில் இது 1,676 மில்லிமீட்டர் ஆகும். அகலப்பாதை என நாம் கூறுவது இதுவே.

தண்டவாளங்களும் பொறிவண்டிகளும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. துறைமுகம் இல்லாத கடற்கரையில் அவற்றை இறக்குதல் எத்துணை அரிய செயல் என எண்ணிப் பாருங்கள்! இரும்பு கடல் கடந்து வந்தது. அதனைப் பாதையாக்கிய உழைப்போ இந்நாட்டு மக்களுடையது. கூடையில் மண் சுமந்தோரும், கல் உடைத்தோரும், கட்டை அறுத்தோரும் அவர்களே. திறப்பு விழாவிற்கு வந்த ஆளுநரின் பெயர் ஏடுகளில் உள்ளது. மண் சுமந்தோருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியாது.

திறப்பு விழா

1856-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள், அப்போதைய சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். சூலை 1-ஆம் நாள் முதல் மக்களுக்கான வண்டிகள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடலாயின. அத்தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆற்காட்டு நவாபுகளின் பழைய தலைநகர்க்கு அணித்தாக இருந்தமையின், வாலாஜா ரோடு நிலையத்தை அந்நாளில் ஆற்காடு நிலையம் என்றே வழங்கினர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் முதலில் திறக்கப்பெற்ற பாதைகள் இதனிற் குறுகியவை. பம்பாய்ப் பாதையின் நீளம் 34 கிலோமீட்டரே.

மாட்டுவண்டியில் இத்தொலைவைக் கடக்க மூன்று நான்கு நாள் ஆகும். புகைவண்டியிலோ காலையிற் புறப்பட்டவர் பகற்பொழுதிற்குள் சென்று சேரலாம். வேறொரு மாற்றமும் உடன் நிகழ்ந்தது. புகைவண்டியில் வகுப்புகளைப் பிரித்தது கட்டணம். ஒரே கட்டணம் செலுத்தியவர் ஒரே பெட்டியில் ஏறினர். ஒரு தெருவில் நடக்கவும் ஒருவரை ஒருவர் தடுத்த நாளில், மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பலகையில் பல குலத்தாரும் நெருங்கி அமர வேண்டியதாயிற்று. ஆட்சியாளர் இதனை நோக்கமாகக் கொண்டிலர். ஆயினும் அது நிகழ்ந்தது.

நிலையக் கட்டடமும் விழாவிற்கேற்ற பொலிவுடன் விளங்கிற்று. அதன் முகப்பில் உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண்களின் தலைப்பில் இலைகள் விரிந்தாற்போன்ற வேலைப்பாடு உண்டு. பண்டைக் கிரேக்க நாட்டின் கொரிந்து என்னும் நகரின் பெயரால் வழங்கும் கட்டடப் பாணி இது. தூண்களை அடுத்து அகன்ற தாழ்வாரம். அதனை அடுத்து உயர்ந்த கூரையுடைய அறைகள். வெயில் மிகுந்த நம் ஊரில் தாழ்வாரம் நிழல் தரும். உயர்ந்த கூரை வெப்பத்தைத் தணிக்கும்.

பாதை வளர்ந்தது

வாலாஜா ரோட்டில் பாதை நின்றுவிடவில்லை. சோலையார்ப்பேட்டை, சேலம், ஈரோடு வழியாகச் சென்று, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, 1862-ஆம் ஆண்டில் அது மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூருடன் இணைந்தது. கீழைக் கடலையும் மேலைக் கடலையும் இருப்புப்பாதை இணைத்தது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே பிரிந்த மற்றொரு பாதை ராய்ச்சூரை நோக்கி நீண்டது. பம்பாயிலிருந்து வந்த பாதையுடன் அது 1871-ஆம் ஆண்டில் சேர்ந்தது. வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை பெரம்பூரில் 1856-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதனைச் சுற்றி ஒரு தொழிலாளர் ஊர் வளர்ந்தது.

பாதை நீளவே, ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றிற்று. அந்நாளில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்குமேல் ஞாயிறு வரும் பொழுதையே உச்சிப்பொழுதாகக் கொண்டது. ஆதலின், பம்பாய் மணி வேறு. சென்னை மணி வேறு. கல்கத்தா மணி வேறு. மாட்டுவண்டிக் காலத்தில் இவ்வேறுபாட்டால் தீங்கில்லை. ஒரே பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கோ ஒரே மணிக்கணக்கு வேண்டும். இன்றேல் மோதல் நேரும். நாட்டின் கீழ்க்கோடிக்கும் மேற்கோடிக்கும் இடைப்பட்டதாய் விளங்கியது சென்னையின் மணி. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் அதனைக் கணித்துத் தந்தி வழியே அறிவித்தது. எனவே, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மணியே இந்திய இருப்புப்பாதைகளின் பொது மணியாயிற்று. 1906-ஆம் ஆண்டு தொடங்கி இந்திய நாட்டுக்கெனப் பொது நேரம் வகுக்கப்படும் வரையில் அது வழக்கில் இருந்தது. இன்றைய இந்திய நேரத்திற்கு ஏறத்தாழ 9 மணித்துளி பின்தங்கியது சென்னை மணி.

தலைமை மாறியது

இராயபுரத்தின் தலைமைக்குக் காரணமாயிருந்தவற்றை முன்னர்க் கண்டோம். அக்காரணங்கள் ஒவ்வொன்றாக மாறின. நகரம் மதிலுக்குள் அடங்கி நிற்கவில்லை. வேப்பேரி, எழும்பூர், மவுண்ட் ரோடு எனத் தெற்கும் மேற்கும் பரவிற்று. அங்குள்ளோர்க்கு இராயபுரம் நகரின் ஒரு மூலையாகத் தோன்றியது. எனவே, பார்க் டவுனில் 1873-ஆம் ஆண்டில் இரண்டாவது நிலையம் எழுந்தது. அதுவே சென்ட்ரல் நிலையம். நெடுந்தொலைவு செல்லும் வண்டிகள் படிப்படியாக அதனைச் சார்ந்தன. 1907-ஆம் ஆண்டில் சென்ட்ரல் சென்னையின் தலைமை நிலையமாயிற்று.

கடற்கரையிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1875-ஆம் ஆண்டில் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினர். 1881-ஆம் ஆண்டின் புயல் அவ்வேலையைப் பெரிதும் சிதைத்தது. மனம் தளராது மீண்டும் கட்டினர். துறைமுகம் வளரவே மசூலாப் படகுகள் மறைந்தன. சரக்கைக் கையாளுதலே இராயபுரத்தின் பெரும்பணியாயிற்று. மதராஸ் இருப்புப்பாதைக் கம்பெனியும் 1908-ஆம் ஆண்டில் மதராஸ் தென்மராட்டா இருப்புப்பாதையாக மாறிற்று. அதன் தலைமை அலுவலகம் 1922-ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே எழுந்த பெரிய மாளிகையில் அமைந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் தென்னக இருப்புப்பாதை தோன்றியபோது, அம்மாளிகையே அதற்கும் தலைமையிடமாயிற்று. இராயபுரமோ கடற்கரை நிலையத்திற்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிறு புறநகர் நிலையமாய் அமைந்தது.

இதனைத் தாழ்வு என்று கொள்ளலாமோ? நீண்ட செலவு செல்வோர் இராயபுரத்தை விட்டு நீங்கினர். நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் நீங்கவில்லை. துறைமுகத்திலும் மீன் துறையிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர், கடைகளுக்குச் சரக்கு வாங்க வருவோர், பள்ளி செல்லும் சிறார் எனப் பலரும் இங்கே ஏறி இறங்குகின்றனர். மின்பொறிவண்டிகளைப் பேணும் பெருங்கொட்டகை ஒன்றும் இராயபுரத்தில் இயங்குகிறது. முதல் நீராவி வண்டி புறப்பட்ட ஊரில், இன்று மின்னாற்றலால் இயங்கும் வண்டிகள் செப்பம் பெறுகின்றன.

பேணுதல் நம் கடமை

முதற்பெருமைக்கு உரிய போரி பந்தரின் பழைய நிலையம் இன்று இல்லை. அதனருகே 1888-ஆம் ஆண்டில் நிறைவுற்ற மாபெரும் நிலையம், இன்று சத்திரபதி சிவாஜி மகாராஜ் பெயரால் வழங்குகிறது. தாணாவின் பழைய கட்டடமும் எஞ்சவில்லை. வளர்ச்சி வந்த இடங்களில் பழைய கட்டடங்கள் இடம் விட்டு அகன்றன. இராயபுரத்தில் அத்தகைய பெருவளர்ச்சி வாராமையே அதன் பழைய கட்டடத்தைக் காத்தது எனலாம். தலைமை இழந்தது, அதனால் உயிர் பிழைத்தது.

எனினும், இடிக்கப்படாமை வேறு, பேணப்படுதல் வேறு. நெடுங்காலம் அக்கட்டடம் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. சுவரிற் செடி முளைத்தால் வேர் உள்ளே செல்லும். வேர் சென்ற வழியே மழைநீர் இறங்கும். நீர் இறங்கினால் சுண்ணாம்புக் காரை நெகிழும். ஒரு செடியை அன்றே களைந்தால் ஒரு நாள் வேலை. பத்தாண்டு கழித்துச் செப்பனிட்டாலோ பெரும்பொருட் செலவு. அறிஞர் பலரும் நகரின் வரலாற்றில் ஆர்வமுடையோரும் எடுத்துரைத்ததன் பயனாகக் கட்டடம் செப்பனிடப்பெற்று, 2005-ஆம் ஆண்டில் புதுப்பொலிவு பெற்றது. ஒருமுறை செப்பனிட்டதோடு கடமை முடிந்துவிடாது. வீட்டைப் பெருக்குதல் போல, அது நாள்தோறும் செய்ய வேண்டிய பணி.

பழமையானது என்னும் ஒன்றற்காகவே எதனையும் காத்தல் வேண்டா என்பார் சிலர். அவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. மக்களுக்கு இடையூறாய் நிற்கும் பழைய சுவர் எல்லாவற்றையும் காத்தல் இயலாது. ஆயின், இராயபுரம் நிலையம் நமக்கு ஒரு சான்று. ஏட்டிலுள்ள செய்தி சிதைந்தால் அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். பனையோலைச் சுவடிகளை நம் முன்னோர் அவ்வாறே காத்தனர். இடித்த கட்டடத்தைப் படியெடுத்தல் இயலாது. அதுபோன்ற வேறொன்றைக் கட்டலாம். அதனையே கட்டுதல் முடியாது. இன்னொன்றும் உண்டு. கல் சுமந்தோரும் சுண்ணாம்பு அரைத்தோரும் தூணிற் பூவேலை செய்தோரும் தம் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து அக்கட்டடமே. அதனை அழித்தால், அவர்கள் வாழ்ந்தமைக்கு எஞ்சியுள்ள சான்றும் அழியும்.

ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய சான்றுகள் உள்ளன. பழைய பாலம், குளத்தின் மதகு, வழிப்போக்கர் தங்கிய சத்திரம், சுமையிறக்கிய சுமைதாங்கி என அவற்றைக் காணலாம். நும் ஊரில் உள்ளவற்றை அறிந்துகொள்ளுங்கள். யார் கட்டினர், எதற்காகக் கட்டினர், இன்று எவ்வாறு உள்ளன என முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். இராயபுரம் வழியே மின்வண்டியிற் செல்ல நேர்ந்தால், அத்தூண் வரிசையைச் சற்றே நிமிர்ந்து நோக்குங்கள். உமணர் வண்டி சென்ற நாட்டில், நெடுவழிச் செலவின் இயல்பே மாறத் தொடங்கிய வாயில் அதுவேயாகும்.